சர்க்கரைக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்

(தஞ்சை வட்டாரத்தில் விவசாயத் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



சர்க்கரை வியாதி மிராசுதார் வீட்டு வியாதி என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த வியாதி இருப்பதாக, 2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு கணக்கிட்டது. நாற்றுப் பறிக்கிறவரும் நெல் மூட்டை தூக்குகிறவரும் இதில் அடக்கம்.

ஆனால், "உனக்குச் சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "சீட்டில் டாக்டர் எழுதியிருக்கிறார்" என்பதுதான் பதில். கூலியில் பத்து ரூபாய் குறைந்தால் உடனே கண்டுபிடிக்கிற நாம், நம் ரத்தத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாமா?

நடவுக் காலத்தை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு வயலில் இறங்குகிறோம். பத்து மணிக்கு ஒரு தாய்க்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, வரப்பில் சாய்கிறாள். வெயில் தாங்கவில்லை என்று முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். பல சமயம் அது வெயிலல்ல, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிட்டது! நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். நடவுக்குப் போகிற ஒவ்வொரு கோஷ்டியிலும் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். மாத்திரை போட்டவர் சாப்பிடாமல் சேற்றில் இறங்கக் கூடாது.

அடுத்தது கால். இந்த வியாதி நாளடைவில் நரம்பை மரக்கச் செய்கிறது. கருவை முள்ளோ நத்தை ஓடோ குத்தினாலும் தெரிவதில்லை. சேற்றுப்புண் என்று விட்டது அழுகி, விரலையும் காலையும் எடுப்பதில் முடிகிறது. கால் போனால் நமக்குப் பிழைப்பு ஏது? தினமும் மாலையில் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும்.

இதெல்லாம் படித்தவர்கள் செய்கிற காரியம் என்று சிலர் நினைக்கலாம். ஒரு காலத்தில் நீல நிறத் திராவகத்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்சி, நிறம் பார்த்தே சர்க்கரையைக் கண்டார்கள். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் மிக அதிகம். அதற்கு எழுத்தறிவுகூடத் தேவைப்படவில்லை. இன்று விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் போதும், கருவி எண்ணைக் காட்டிவிடுகிறது. விடியற்காலை வெறும் வயிற்றில் 100க்குள் இருப்பது வியாதியில்லாதவரின் அளவு. 126ம் அதற்கு மேலும் என்றால் வியாதி என்று சந்தேகித்து, ஆஸ்பத்திரியில் சோதித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

நாள் முழுதும் குனிந்து நடுகிறவளிடம் தேகப்பயிற்சி செய் என்று உபதேசிப்பவரை என்ன சொல்வது? சாப்பாட்டு விஷயம் வேறு. சோற்றைக் குறைத்து, கீரையும் நம் வயலில் விளைகிற பயறும் உளுந்தும் கூடுதலாகச் சேர்க்கலாம். கஷாயத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923ல் அதன் உரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். அதை விற்றுக் கோடிகளைக் குவித்தவர்கள் வேறு!

2021 ஆகஸ்ட் 5ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் நடவு நாளில் பகலில் வந்தால் நம் வீட்டில் பூட்டுத்தான் தொங்கும். அந்திநேரத்தில் வர ஏற்பாடு வேண்டும். அதற்கேற்ற ஊதியத்தை அந்தப் பெண்களுக்குச் சர்க்கார் கொடுக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சோதனைப் பட்டையை இலவசமாகத் தர வேண்டும். இதை மனுவாக எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கப் போகிறோம்.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டாம். தெருவுக்கு ஒரு கருவி வாங்குவோம். ஊசி மட்டும் ஆளுக்குத் தனித்தனி. ஒருவர் ஊசி மற்றவர் விரலில் படவே கூடாது. ஆளுக்கொரு நோட்டில் தேதி, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எண் எவ்வளவு, அன்றைக்கு என்ன வேலை என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் எழுதட்டும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கருவிக்குப் பணம் வசூலிக்க இரண்டு தாய்மார்கள் இப்போதே பெயர் கொடுக்க வேண்டும்.