கைப்பேசிப் புராணம்

எழுதினவன் யார், கண்டவன் யார் என்று கேளாமல் நம்பினால் அதற்குப் பேர்தான் புராணம். இப்பொழுது அது கைப்பேசியில் வருகிறது.

2018 மே மாதம் திருவண்ணாமலை ஜில்லா அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்று அடித்தே கொன்றார்கள். காரணம், வாட்ஸ்அப் வதந்தி! அந்நாளில் நாடெங்கும் சுற்றிய படமொன்று, கராச்சியில் பெற்றோரை எச்சரிக்க எடுத்த நாடகம். குழந்தையைத் திருப்பி விடுகிற கடைசிப் பாகத்தை எவனோ வெட்டிவிட்டான்.

ஜூலையில் கம்பெனியார், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்பக்கூடாதென்றார்கள். ஒரு குழுவில் அப்பொழுது 256 பேர் வரை. ஐந்து குழுவுக்கு 1,280 பேர். வதந்திக்கு இது போதாதா?

உங்களில் எத்தனை பேர் அனுப்பினீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கைப்பேசியைத் திறந்து பாருங்கள்.