கடலில்லாத ஊரில் ஒரு கடற்கரை நாவல்

ஹைதராபாத்தின் மாதாப்பூரிலிருந்து கிளம்பிக் கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால், சாலை வழியே 300 கிலோமீட்டராவது போக வேண்டும். அய்யப்பா சொசைட்டி விடுதிகளில் தங்கி ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போகிற தமிழ்ப் பிள்ளைகளில் கடற்கரை ஊர்க்காரர்களும் உண்டு, கரிசல்காட்டுக்காரர்களும் உண்டு. ‘மனசுக்கு இதமா, கொஞ்சம் தெம்பு குடுக்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்க’ என்று அவர்கள் கேட்டால் எந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஆங்கிலத்தில் இப்படி இதம் தரும் கதைகளுக்கு நீண்ட வம்சமே இருக்கிறது. 1908இல் வெளிவந்த ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலைப் படித்தவர்களுக்குக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு சொந்த ஊர் மாதிரி ஆகிவிடும். தமிழில் அதே அச்சைத் தேடினால் ஏமாந்து போவோம். நம்முடைய நல்ல கடற்கரைக் கதைகளில் சாவு உண்டு, கடன் உண்டு, குடி உண்டு. ஆனாலும் படித்து முடிக்கும்போது மனசு இளகியிருக்கும். இந்த இதம் எங்கிருந்து வருகிறது?

வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலைப் பாருங்கள். 1977இல் வந்தது, ஒன்றிரண்டு ராத்திரியில் படித்துவிடக்கூடிய சின்னப் புத்தகம். கதை நடக்கிற இடம் மணப்பாடு. மணல் மேட்டின் மேல் திருச்சிலுவைக் கோயில் நிற்கிறதே, புனித சவேரியார் வந்து தங்கிய ஊர் என்பார்களே, அதே ஊர்தான். அந்த ஊர் மீனவர் குரூஸ் மிக்கேலுக்கு அவருடைய வல்லம் என்கிற நாட்டுப்படகுதான் உயிர். அதை விற்றுவிடச் சொல்கிறான் படித்த மகன். ஊரிலோ வல்லக்காரர்களுக்கும் லாஞ்சிக்காரர்களுக்கும் பகை முற்றிக்கொண்டிருக்கிறது. லாஞ்சி என்கிற விசைப்படகு வந்தால் வல்லத்துக்கு மீன்பாடு குறையும், பாடு குறைந்தால் அடுப்பு எரியாது. வேறொருவர் கையில் இது முதலாளிக்கும் தொழிலாளிக்குமான கொடிபிடிக்கும் கதையாகியிருக்கும். வண்ணநிலவன் அந்தப் பகையை மறைக்கவில்லை, ஆனால் அதற்குள் வாழ்கிற மனுஷர்களை விட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.

மிக்கேலின் மகள் பிலோமி. அவள் நேசித்த சாமிதாஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை. அழுகிறாள், தவிக்கிறாள். ஆனால் அவன்மேல் வஞ்சம் வைக்கத் தெரியவில்லை அவளுக்கு. அவளுடைய தாய்க்கும் ஊர் வாத்திக்கும் இருந்த பிரியத்தைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசுகிறது. நாவலாசிரியர் அதைத் தப்பென்றும் சொல்லவில்லை, சரியென்று வாதாடவும் இல்லை. நான் இதம் என்று சொல்வது இதைத்தான். கதையில் நடக்கிற சம்பவங்கள் கடினமானவை. ஆனால் எழுதுகிறவர் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை.

பக்கத்திலேயே ‘செம்மீன்’ நாவலை வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். தகழி 1956இல் மலையாளத்தில் எழுதியது, தமிழில் சுந்தர ராமசாமி மொழிபெயர்த்தார். கரையில் இருக்கும் மனைவி நெறி தவறினால் கடலில் இருக்கும் கணவனுக்கு ஆபத்து என்ற நம்பிக்கைதான் அதன் அச்சாணி. நாயகி கருத்தம்மாவின் காதலைக் கடலம்மை பலிவாங்குகிறாள். பெரிய நாவல், சந்தேகமே இல்லை. ஆனால் மணப்பாட்டுக் கடல் பிலோமிக்குத் தண்டனை கொடுக்கவில்லை. அவள் மறுநாளும் எழுந்து வேலையைப் பார்க்கிறாள். எனக்குத் தெம்பு தருவது அவள்தான், கருத்தம்மா அல்ல.

மாதாப்பூரில் இருந்துகொண்டு படிக்க இன்னொரு புத்தகம் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976. தெலுங்கு தேசத்திலிருந்து தங்கள் வீட்டுப் பெண்ணைக் காப்பாற்றுவதற்காகத் தப்பி ஓடிவந்த கம்மவார் குடும்பங்கள், தெற்கே கரிசலில் காட்டைத் திருத்தி ஊர் சமைத்த கதை. அந்தப் பயணத்தை வீட்டிலேயே மூத்த கிழவி மங்கத்தாயாரம்மாள் சொல்லச் சொல்ல, நாம் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கிறோம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்த ஒருவர் இதைத் தெலுங்குப் பேச்சு காதில் விழும் தெருவில் படிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் அவர்கள் போனார்களோ, அதற்கு எதிர்த்திசையில் இவர் வந்திருக்கிறார்! கி.ரா.வே நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

மாதாப்பூரிலேயே சில்பாராமம் என்கிற கைவினைப் பூங்காவில் ஒரு கிராமம் இருக்கிறது. குயவர், நெசவாளர், குடிசை, எல்லாம் பொம்மைகளாக. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிப்போக நல்ல இடம்தான். கிராமத்துக் கதை என்ற பேரில் வருகிறவற்றில் பாதி எனக்கு அந்தப் பொம்மைகளைத்தான் ஞாபகப்படுத்துகின்றன. வேஷ்டி சரியாக இருக்கும், வாயைத் திறந்து பேச மாட்டார்கள். கி.ரா.வின் ஆட்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். வம்பும் கேலியும் பொய்யும் கலந்த அந்தப் பேச்சில்தான் ஊர் இருக்கிறது. சும்மாவா கரிசல் வழக்குக்கு ஓர் அகராதியே தொகுத்தார்?

ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’, தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’, ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ ஆகியவையும் இந்தக் கரையில் நிற்பவைதான். ஆனால் இதம் தேடி வருகிறவரிடம் முதலில் ‘ஆழி சூழ் உலகு’வைக் கொடுக்காதீர்கள். அது தலைமுறைகளை விழுங்கும் கடல், நீச்சல் பழகிய பிறகு இறங்கலாம்.

இந்தப் புத்தகங்களை வேகமாகப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. உரையாடல் வருகிற இடங்களை வாய்விட்டுப் படியுங்கள். அறைத்தோழர் தெலுங்குக்காரர் என்றால் சத்யம் சங்கரமஞ்சியின் ‘அமராவதி கதலு’ பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். கிருஷ்ணா நதிக்கரை ஊர் ஒன்றைப் பற்றிய நூறு குட்டிக் கதைகள். ஷியாம் பெனகல் தூர்தர்ஷனுக்காகத் தொடராக எடுத்ததும் அவற்றைத்தான். அறைத்தோழர் ஒரு கதை சொல்லட்டும், பதிலுக்கு நீங்கள் பிலோமியின் கதையைச் சொல்லுங்கள்.