கட்டில் எண்ணும் வீட்டுப் பெயரும்
எழுவைதீவில் ஒரு தாதிய மாணவி என்ன கற்பாள்?

   

தாதிய மாணவரிடம் தொழில் அடையாளம் எங்கே உருவாகிறது? இதில் எனக்கும் சக ஆசிரியர்களான நண்பர்கள் சிலருக்கும் நெடுங்கால வழக்கு இருப்பதை இச்சபை அறியும். மாணவர்களை யாழ்ப்பாணத் தீவுப்பகுதியின் எழுவைதீவு போன்ற சிறிய இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்பவேண்டும் என்பது என் கட்சி. அங்கே நோயாளர் தொகை போதாது, பயிற்சிப் பதிவேடு நிரம்பாது, கடல் குழம்பினால் நாளும் வீண் என்பது அவர்கள் கட்சி. விழுமியங்களை விரிவுரையில் கற்பிக்கலாம், வைஸ், ஷாங்க் இருவரும் ஆக்கிய அளவுகோலைக் கொண்டு அளந்தும் பார்க்கலாம் என்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. முடிவைத்தான் மறுக்கிறேன்.

1960இல் இசபெல் மென்சீஸ் லண்டன் போதனா வைத்தியசாலை ஒன்றைப் பற்றி எழுதிய ஆய்வை எங்கள் ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமுறையாவது வாசிக்கவேண்டும். நோயும் மரணமும் தரும் பதற்றத்தைத் தாங்க, அந்த வைத்தியசாலை வேலையைத் துண்டு துண்டாக்கி வைத்திருந்தது. ஒருத்தி எல்லோருக்கும் வெப்பநிலை பார்ப்பாள், இன்னொருத்தி எல்லோருக்கும் மருந்து கொடுப்பாள். நோயாளர் கட்டில் எண்ணாகவும் பழுதான உறுப்பாகவும் குறுகிப்போனார். மாணவியரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் பயிற்சியை முடிக்கவில்லை. விட்டுப்போனவர்களில் பெரும்பாலோர் தாமாகவே போனவர்கள். 1974இல் மார்லின் கிரேமர் அமெரிக்காவில் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்: பள்ளியில் கற்ற விழுமியங்கள் முதல் வேலையின் சில மாதங்களிலேயே நொறுங்கிவிடுகின்றன. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியின் நெருக்கடியான விடுதியொன்றில் காலைப் பொழுதைக் கழித்த எவருக்கும் இவை இரண்டும் புதினமல்ல.

இனி எழுவைதீவுக்கு வாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஊர்காவற்றுறையில் படகேறி அங்கே இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த நிலம். பனை, கடற்றொழில், சிறிய வைத்தியசாலை ஒன்று. ஒரு வீட்டில் குடும்பத் தலைவருக்கு மூன்று கிழமையாக இருமல், பின்னேரத்தில் காய்ச்சல், உடம்பும் வற்றிவிட்டது. அவருடைய சளியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். போத்தல் மாணவியின் பையில் படகேறுகிறது. பக்கத்தில் இருக்கும் அம்மா கேட்கிறார்: "பையுக்குள்ளை என்ன பிள்ளை? ஆருக்கு வருத்தம்?"

அந்தக் கேள்வியில் விடுப்பு மட்டுமில்லை. கேட்பவர் நோயாளருக்கு ஒன்றுவிட்ட சகோதரியாக இருப்பார், நாளைக்கு அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோகப் போகிறவரும் அவராகவே இருப்பார். மாணவி பொய் சொல்லக்கூடாது, உண்மையையும் சொல்லக்கூடாது, அந்த அம்மாவின் மனமும் நோகக்கூடாது. ஊர்காவற்றுறை வரும்வரை இறங்கிப்போக வழியில்லை. நோயாளரின் அந்தரங்கம் பேணல் என்று பரீட்சையில் இரண்டு புள்ளிக்கு எழுதியதை அவள் இப்போதுதான் முதல் முறையாகச் செய்து பார்க்கிறாள்.

பரிசோதனை காசநோயை உறுதிசெய்கிறது. சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரக்கூடும். ஆகவே ஒருவர் பார்த்திருக்க மாத்திரையை விழுங்குவதே முறை. பட்டினத்துக் கிளினிக்கில் அவர் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போய்விடலாம். எழுவைதீவிலோ வெள்ளைச் சீருடை ஒரே படலைக்கு ஒரு கிழமை தொடர்ந்து போனாலே சொல்லாமலே செய்தி பரவிவிடும். "கசம்" என்று ஒரு கிழவி சொன்னால் போதும், அவருடைய பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகள் விளையாட வரமாட்டார்கள், மகளின் கலியாணப் பேச்சு நின்றுபோகும்.

மாணவி என்ன செய்வாள்? அந்த ஒழுங்கையிலேயே நாலு வீட்டுக்குப் போவாள். ஒரு வீட்டில் இரத்த அழுத்தம் பார்ப்பாள், ஒரு வீட்டில் குழந்தையின் நிறை பார்ப்பாள். ஐந்தாவதாக இந்த வீடு. அல்லது தொழிலுக்குப் போய்வரும் நேரத்தில் வைத்தியசாலைக்கு வந்து போகிறீர்களா, எது உங்களுக்கு வசதி என்று அவரையே கேட்பாள். கேட்கவேண்டும் என்று தோன்றுவதே பெரிய படிப்பு. விடுதியில் நாங்கள் நோயாளரிடம் வசதி கேட்பதில்லை.

மௌனம் மட்டும் போதாது என்பதும் அங்கேயே தெரியவரும். காசநோய் சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய். சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தகவல் போகவேண்டும். வீட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதிக்கவேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் தடுப்பு மருந்தும் வேண்டும். அப்படியானால் மனைவிக்குத் தெரியாமல் முடியாது. அதைச் சொல்லவேண்டியவர் நோயாளரே. அவர் வாய் திறக்கும்வரை அவள் திண்ணையில் காத்திருக்கவேண்டும். பெரிய விடுதியில் இப்படியொரு கேள்வி வந்தால் மாணவி அதைச் சிஸ்டரிடம் தள்ளுவாள், சிஸ்டர் டொக்டரிடம், டொக்டர் அடுத்த நாளுக்கு. இங்கே தள்ளிவிட ஆளில்லை. "நான்தான் இதற்குப் பொறுப்பு" என்று அவள் உணரும் அந்த இடத்தைத்தான் நான் தொழில் அடையாளம் என்கிறேன்.

"ஒரேயொரு நோயாளர்தானே?" என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆம். கைத்திறனுக்குப் பல நோயாளர் வேண்டும். 1984இல் பட்ரிசியா பென்னர், அனுபவத்தால் திறன் படிப்படியாக முதிர்வதைக் காட்டியதை நான் மறுக்கவில்லை. ஊசி போடவும் புண்ணுக்கு மருந்து கட்டவும் விடுதியே சரியான இடம். ஆனால் ஒரு மனிதரை வீட்டுப் பெயரோடும் உறவோடும் அறிந்து, அந்த அறிவைக் காத்துவைக்கப் பழக, அதிகம் பேர் வேண்டியதில்லை. நான் கேட்கும் இரண்டு கிழமைப் பயிற்சியில் ஆறு மாதச் சிகிச்சையைப் பார்க்கமுடியாது என்ற ஆட்சேபம் வலிமையானது. ஒரு குழு விட்ட இடத்தில் அடுத்த குழு தொடங்கும்படி கையளிப்புக் குறிப்பு எழுதவைப்பதே அதற்கு என் பதில்.

இன்னொரு வாதம் 1987 ஒக்ரோபர் 21, 22ஐ முன்வைக்கிறது. பெரியாஸ்பத்திரியில் இந்தியப் படையினரால் நோயாளரும் ஊழியரும் கொல்லப்பட்ட அந்நாட்களில், கைகளை உயர்த்தியபடி தாதியரோடு வெளியே வந்த குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் சுடப்பட்டார். இந்தத் தியாகத்தை மாணவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் சொல்லவேண்டும். ஆனால் அன்று பணியை விட்டு ஓடாமல் நின்றவர்கள் அந்த உறுதியை ஒரு விரிவுரையில் பெறவில்லை. யாரும் பார்க்காத சாதாரண நாட்களின் பழக்கம் அது.

நேரம் போய்விட்டது. இனி ஆராயவேண்டியவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ஆண் தாதிய மாணவர்கள் வீடுகளுக்குள் எப்படி ஏற்கப்படுகிறார்கள் என்பதைத் தனியே ஆராயவேண்டும். தமிழ் தெரியாத மாணவர் வடக்கில் பயிற்சி பெறும்போது என்ன நடக்கிறது என்பதையும் அவ்வாறே. நயினாதீவுத் திருவிழாக் கூட்டத்தில் முதலுதவிப் பணி, நெடுந்தீவிலிருந்து இரவில் நோயாளரைக் கடல்வழி கொண்டுவருதல் இரண்டும் நல்ல ஆய்வுக் களங்கள். வெளிநாட்டுக்குப் போகும் எங்கள் தாதியர் எந்த விழுமியத்தைக் கொண்டுபோகிறார்கள், எதை இங்கேயே விட்டுப்போகிறார்கள் என்று இளையவர்கள் யாராவது நேர்கண்டு எழுதலாம். அளவுகோலை நம்பும் நண்பர்களுக்கும் ஒரு வேலை தருகிறேன்: தீவுக்குப் போன குழுவையும் போகாத குழுவையும் உங்கள் அளவுகோலாலேயே அளந்து பாருங்கள். வாடைக் காற்றுக் காலத்தை விட்டு, சித்திரைக்குப் பிறகு அட்டவணையில் இரண்டு கிழமை ஒதுக்கினால் தீவுப் பயிற்சியை அடுத்த ஆண்டே தொடங்கலாம்.