பொங்கலும் முந்திரியும்
(எமது சங்கத்தின் தெஹிவளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கணினியைப் பற்றிப் பேச வந்தோம். ஆயினும் அடுப்படியிலிருந்தே தொடங்குவோம். லினக்ஸ் இயங்குதளம் பல உருவில் வருகின்றது. 1993இல் தோன்றிய டெபியன் சமைத்த உணவைத் தருவது. 2002இல் முதற்பதிப்பு வெளிவந்த ஜெண்டூவோ அரிசியும் பருப்புமாகத் தருவது. மூலநிரலை நமது கணினியே தொகுத்துக்கொள்ளல் வேண்டும். எவ்வசதி வேண்டும், எது வேண்டாம் என நாம் இடும் தெரிவுகளுக்கு 'யூஸ்' கொடிகள் என்று பெயர். தொகுக்கும் வேலையை ஏவும் கட்டளை 'எமேர்ஜ்'.

2022ஆம் ஆண்டு, மின்வெட்டு மலிந்த காலம். நண்பர் நால்வர் சேர்ந்து வாங்கிய பழைய கணினியில் இரவு புதுப்பிக்கும் கட்டளையை இட்டு உறங்கினோம். 'நியூயூஸ்' என்ற விருப்பையும் யோசியாமற் சேர்த்திருந்தோம். விடிய எழுந்தால் பொதிகள் வரிசையில் நிற்க, இணைய உலாவி பாதியிற் கிடந்தது. மின்சாரமும் போயிற்று. அன்று கொடுக்கவேண்டிய ஒப்படை உள்ளே அகப்பட்டது. பிழை நம்முடையதே.

நடந்தது என்ன? சமையற் குறிப்பில் 'விரும்பினால் முந்திரி சேர்க்க' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது என வைத்துக்கொள்வோம். நாம் முந்திரி போடுவதில்லை. அதற்காகச் சமைத்த பொங்கலைக் கொட்டி, மீண்டும் உலை வைப்போமா? 'நியூயூஸ்' வைக்கும்! நாம் தெரியாத கொடி ஒன்று சேர்ந்தாலும் நீங்கினாலும் அது பொதியை மறுபடி தொகுக்கும். 'சேஞ்ச்ட்யூஸ்' என்னும் விருப்போ அவற்றைப் பொருட்படுத்தாது. நமது தெரிவு உண்மையாக மாறினாலன்றி அடுப்பை மூட்டாது.

இன்னும் இரண்டு சொல்வோம். கட்டளையை ஏவுமுன் 'பிரிற்றெண்ட்' என்று சேர்த்தால், செய்யப்போவதன் பட்டியலை மட்டும் காட்டும், படித்தபின் ஏவலாம். 2023 டிசம்பர் முதல் ஜெண்டூவே ஆயத்தப் பொதிகளைப் பெருமளவில் வழங்குகின்றது. 'கெற்பின்பேக்கேஜ்' என்ற விருப்பால் நமது தெரிவுகளோடு பொருந்துவனவற்றை இறக்கிக்கொள்ளலாம்.

ஆனால் சிக்கனம் சோம்பலாகிவிடக் கூடாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் தாமதியாது புதுப்பித்தல் வேண்டும். ஒரு நூலகம் மாறி, அதை நம்பிய பொதியை மறுபடி தொகுக்கும்படி எமேர்ஜ் கேட்டால், அது வீண்வேலையன்று.

சகோதரர்களே! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார் உண்டோ? மாறியதை மட்டும் மாற்றுவோம். மிஞ்சும் இரவைப் படிப்புக்கு வைத்துக்கொள்வோம்.