நம் பிள்ளைகளுக்காக ஒரு நிதி

(புளியங்குடியில் நடந்த கூட்டமைப்பு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எலுமிச்சை மார்க்கெட் வேலையை அரை நாள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்கிறவர்களும் இருக்கிறீர்கள். கூலியை விட்டு வந்த உங்களிடம் சுற்றி வளைத்துப் பேசப்போவதில்லை. இன்று பேசுவது வங்கிக் கடன் பற்றியோ தவணை பற்றியோ அல்ல. நம் பிள்ளைகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றியும், அவர்களைக் காக்க வேண்டிய பணத்தைப் பற்றியும்தான்.

"பிள்ளையைக் காக்கதுக்குப் பணம் என்னத்துக்கு? நாம பாத்துக்கிட மாட்டோமா?" என்று ஒரு அக்கா போன மாதம் கேட்டார்கள். நல்ல கேள்வி. அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

தெரிந்த ஆள்தான்

ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போகிறோம். கூட்டத்தில் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். கந்தூரிக் கூட்டத்திலும் அப்படித்தான். முகம் தெரியாத ஆள் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஆனால் மறுநாள் காலையில், "மாமா வீட்ல இரு, அம்மா ராத்திரி வந்திருவேன்" என்று சொல்லிவிட்டு மில் வேனில் ஏறிவிடுகிறோம். தெரிந்த வீடு என்பதால் மனதில் ஒரு நிம்மதி.

2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், நம்பிக்கையான இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான பிள்ளைகள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த 13 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. "அப்ப நம்ம பக்கம் இல்லைல்லா" என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தைய ஆண்டு, 2006-ல், சென்னையில் உள்ள துளிர் என்ற அமைப்பு 2,211 பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தது. அதில் 42 சதவீதம் பேர் ஏதாவது ஒரு தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். பெண் பிள்ளைகளில் 39 சதவீதம். ஆண் பிள்ளைகளில் 48 சதவீதம். ஆகவே "எனக்கு ரெண்டும் பையன்தான், கவலை இல்லை" என்று யாரும் இருக்க முடியாது.

ஒரு பிள்ளையின் கதை

நாங்கள் கள வேலையில் பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் சொல்லமாட்டோம். சட்டமும் அதை அனுமதிக்காது. யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். நீங்களும் "எந்தத் தெரு, யார் மக" என்று தேடாதீர்கள்.

ஒரு சிறுமி. அப்பா இல்லை. அம்மா விடியுமுன் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பக்கத்து வீட்டுக்காரர் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பவர். கைமாற்றாகப் பணமும் கொடுத்திருந்தார். பள்ளி விட்டதும் பிள்ளை அந்த வீட்டில்தான் இருக்கும். ஒரு நாள் "அங்க போக மாட்டேன்" என்று அழுதது. அம்மா அடம் என்று நினைத்து இரண்டு அடி கொடுத்தார். "வயிறு வலிக்கு" என்றது. மருந்து வாங்கிக் கொடுத்தார். கடைசியில் பிள்ளை நடந்ததைச் சொன்னது அம்மாவிடம் இல்லை. நம் குழுவில் உள்ள ஒரு பெரியம்மாவிடம். ஏன் அவரிடம் சொன்னாய் என்று கேட்டதற்கு, "அவுகதான் சாயங்காலம் வீட்ல இருப்பாக" என்றது.

அந்தப் பெரியம்மா பிள்ளையைத் திட்டவில்லை. ஊரைக் கூட்டவில்லை. அம்மா வந்ததும் கூட்டிக்கொண்டு அன்றே காவல் நிலையம் போனார்.

புகார் கொடுத்ததோடு பிரச்சினை முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். அங்கேதான் தொடங்கியது. எதிர்த் தரப்பு கைமாற்றை உடனே திருப்பிக் கேட்டது. ஆஸ்பத்திரி, காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, நீதிமன்றம் என்று அம்மாவுக்கு அலைச்சல். போன நாளெல்லாம் கூலி இல்லை. அடிக்கடி லீவு எடுத்ததால் வேலையும் போனது. "பொம்பளப் பிள்ளை, பேசி முடிச்சுக்கிடு" என்று பெரிய மனிதர்கள் சொன்னார்கள். இரண்டாவது மாதம் அந்த அம்மா எங்களிடம் கேட்டார்: "யக்கா, கேஸை விட்ருவோமா? இந்த வாரம் அரிசி வாங்கணும்லா."

எங்களிடம் பதில் இல்லை. எங்கள் திட்டத்தில் விழிப்புணர்வு நாடகத்துக்குப் பணம் இருந்தது, சுவரொட்டிக்குப் பணம் இருந்தது. அரிசிக்கும் பஸ் செலவுக்கும் தலைப்பே இல்லை. அதுவும் ஓராண்டுத் திட்டம்.

காப்பாற்றியது குழுதான். அவசரக் கூட்டம் போட்டு, உள்கடன் கொடுத்து, கைமாற்றை அடைத்தார்கள். நீதிமன்றம் போகும் நாளெல்லாம் முறை வைத்து ஒருவர் கூடப் போனார். சாயங்காலம் பிள்ளை பெரியம்மா வீட்டில் இருந்து படித்தது. வழக்கு நின்றது. பிள்ளை இன்று பள்ளிக்குப் போகிறது.

இதுதான் அந்த அக்காவின் கேள்விக்குப் பதில். வறுமைதான் பிள்ளையை அந்த வீட்டில் விட வைத்தது. வறுமைதான் வழக்கையும் விடச் சொன்னது. குடும்பத்துக்குக் கை கொடுக்காமல், பிள்ளைக்கு மட்டும் "நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்" பாடம் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலைதான் ஆகும்.

அரசிடம் கேட்டுப் பெற வேண்டியவை

இதில் எங்கள் தவறும் ஒன்று உண்டு. கேட்டால் கிடைக்கக்கூடிய பணத்தை நாங்கள் அன்று கேட்கவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது.

1. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. அதன் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு உணவு, உடை, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்கு உடனடிப் பணம் வழங்கக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரை செய்யலாம். பரிந்துரை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பணம் கொடுக்க வேண்டும். இதை எழுதிக் கேளுங்கள்.

2. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு, வழக்கு முடியும்வரை காத்திராமல், இடைக்கால இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிடலாம்.

3. விசாரணை முழுவதும் பிள்ளையுடன் இருக்க ஓர் உதவி நபரைக் குழந்தைகள் நலக் குழு ஏற்பாடு செய்யலாம். அந்தக் குடும்பம் தனியாக அலைய வேண்டியதில்லை.

4. கெட்டது நடக்குமுன்பே குடும்பத்தைத் தாங்கும் உதவியும் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு வழங்கப்படுகிறது. தாய் விதவையாகவோ கைவிடப்பட்டவராகவோ இருந்தால், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் பிள்ளை வளர்ந்தால், பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்குள்ளும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள்ளும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதால் இதற்காக நாம் திருநெல்வேலி வரை போக வேண்டியதில்லை.

நம் கதையில் வந்த அம்மா இந்த நான்காவது உதவிக்குத் தகுதியானவர். முன்பே கிடைத்திருந்தால் அந்தக் கைமாற்றையே வாங்கியிருக்க மாட்டார். நம் குழுக்களில் இப்படி எத்தனை அக்காமார் இருக்கிறீர்கள்? இந்தக் கூட்டம் முடியுமுன் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள்.

5. கிராம சபை. குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் கை தூக்குகிறோம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் கை தூக்குவோம். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு நம் ஊராட்சியில் கூடுகிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேட்போம். நம் குழுக்கள் சேர்ந்து தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டத்தில் இதையும் ஒரு தேவையாக எழுதுவோம். நகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடம் மனு கொடுக்கலாம்.

வெளியில் கேட்க வேண்டியவை

அரசுப் பணம் எல்லாவற்றுக்கும் வராது. மீதிக்கு நன்கொடை கேட்க வேண்டும். அதில் சில விவரம் தெரிந்திருப்பது நல்லது.

2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை வாங்கிச் செலவு செய்யும் தொண்டு நிறுவனம், 2021 முதல், அதற்கென்று பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக்கு இன்னும் கடுமை. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. அதனால் "நீங்க வாங்கி எங்களுக்குத் தாங்க" என்று நீங்கள் எங்களைக் கேட்டாலும் வழியில்லை. நாம் கேட்க வேண்டியது உள்ளூர் கம்பெனிகளிடமும், வியாபாரிகளிடமும், ஊரை விட்டுப் போய் நன்றாக இருக்கும் நம் ஆட்களிடமும்தான்.

என்ன கேட்பது? இந்த முறை சுவரொட்டி கேட்கப்போவதில்லை. நான்கு தலைப்பில் எழுதியிருக்கிறோம்.

முதலாவது, சாயங்கால வீடு. வேலைக்குப் போகும் தாய்மார் உள்ள தெருக்களில், பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை பிள்ளைகள் இருக்க ஓர் இடம். எப்போதும் இரண்டு பெண்கள் சேர்ந்துதான் பொறுப்பு. கதவு திறந்தே இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் பிள்ளையுடன் தனியாக இருக்கக் கூடாது. நாங்களும் சரி, வரும் அதிகாரியும் சரி, இந்த விதிக்கு உட்பட்டவர்களே.

இரண்டாவது, துணைச் செலவு. வழக்குக்கு அலையும் தாய்க்கும், கூடப் போகும் உறுப்பினருக்கும் பஸ் கட்டணம், போன நாள் கூலி.

மூன்றாவது, அவசர உதவி. கைமாற்றுக்குக் கட்டுப்பட்டு வாயை மூடும் நிலை வராமல் இருக்க, வட்டியில்லாத சிறு கடன்.

நான்காவது, பயிற்சி. பிள்ளைகளுக்கும் நமக்கும் ஆண்களுக்கும்.

முதல் பங்கு நம்முடையது

வெளியில் கேட்கப் போனால் "உங்க பங்கு எவ்வளவு?" என்று கேட்பார்கள். கணக்குப் போடுவோம். 20 குழு, குழுவுக்கு 15 பேர் என்று வைத்தால் 300 பேர். ஆளுக்கு மாதம் 5 ரூபாய் என்றால் 1,500 ரூபாய். ஓராண்டில் 18,000 ரூபாய். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த அம்மா "கேஸை விட்ருவோமா" என்று கேட்ட வாரத்தில் நம் கையில் இருந்திருந்தால் அதுவே பெரிய தொகை. திட்டம் முடிந்து நாங்கள் போய்விட்டாலும் இந்தப் பணம் இங்கேயே இருக்கும்.

இதற்குத் தனிக் கணக்கு, தனிப் புத்தகம் வேண்டும். யாருக்குக் கொடுத்தோம் என்று பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும் போட வேண்டும். பெயர் தெரிந்தவர்கள் இரண்டு பேர் போதும்.

பிள்ளை வந்து சொன்னால்

நம்புங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்லை" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்பத் துருவாதீர்கள். உடனே நடந்தது என்றால் குளிப்பாட்டவோ துணியைத் துவைக்கவோ வேண்டாம். 1098-க்கு போன் செய்யுங்கள். இரவு பகல் எப்போதும் பேசலாம், கட்டணம் இல்லை.

காவல் நிலையம் என்றால் பயப்பட வேண்டாம். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வருபவர் கூடியவரை பெண் உதவி ஆய்வாளராக இருக்க வேண்டும், சீருடையில் இருக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால்தான் குற்றம். அதற்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. இதைப் பேசி முடிக்கும் அதிகாரம் எந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கிடையாது.

இன்றைய தீர்மானங்கள்

சகோதரிகளே, தீர்மானப் புத்தகத்தில் மூன்று எழுதச் சொல்கிறோம். ஒன்று, அடுத்த மாதம் முதல் ஆளுக்கு 5 ரூபாய் பிள்ளைகள் நிதி. இரண்டு, நிதி ஆதரவுக்குத் தகுதியான குடும்பங்களின் பட்டியலை ஒரு மாதத்துக்குள் முடித்து விண்ணப்பம் கொடுப்பது. மூன்று, ஒவ்வொரு தெருவிலும் சாயங்காலம் வீட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் பெயர்.

மூன்றாவதுக்குப் படிப்பு வேண்டாம், பதவி வேண்டாம். பிள்ளை கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருந்தால் போதும். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். பெயர் எழுதிக்கொள்கிறோம்.