ஒரு பென்னியும் முப்பது கவுன்சிலர்களும்

உள்ளாட்சி மானியங்களைப் பற்றிப் போன முறை பேசியதற்கு ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருக்கிறார். கேள்வி என்பதைவிடக் கோபம் என்றே சொல்லலாம். "நான் ஒழுங்காக வீட்டு வரி கட்டுகிறேன். என் ஊர்ப் பணம் என் ஊரில் செலவாகட்டும். அடுத்த ஊர் ஏழையை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நடுவில் மானியம் எதற்கு?"

கேட்டவுடன் நியாயமாகத்தான் படுகிறது. இதே நியாயத்தை இங்கிலாந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் சட்டமாகவே வைத்திருந்தது. அது கடைசியில் 30 கவுன்சிலர்களை ஜெயிலில் கொண்டுபோய் விட்டது. கவுன்சிலர் ஜெயிலுக்குப் போனார் என்றதும் நம் மனசு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இவர்கள் ஒரு காசு எடுக்கவில்லை. ஒரு வரியை வசூலிக்க மாட்டோம் என்றார்கள், அவ்வளவுதான் குற்றம்.

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1601, முதலாம் எலிசபெத் காலம். ஒவ்வொரு பாரிஷும், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றியுள்ள வட்டாரம், தன் எல்லைக்குள் இருக்கும் ஏழைகளைத் தானே காப்பாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு வீடு, நிலம் வைத்திருப்பவர்களிடம் வரி வாங்கலாம் என்று சட்டம் வந்தது. 1834-ல், செலவு எகிறுகிறது என்று பிடியை இறுக்கினார்கள். உதவி வேண்டுமா, ஒர்க்ஹவுஸுக்குள் வா. உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கல் உடைக்க வேண்டும், பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நாராக்க வேண்டும். வெளியே இருக்கும் கடைநிலைக் கூலிக்காரனைவிட உள்ளே இருப்பவன் மோசமாக வாழ வேண்டும் என்பது யாரோ கொடுமைக்காரர் செய்த தவறு கிடையாது. எழுதி வைத்த கொள்கை. டிக்கன்ஸின் ஆலிவர் ட்விஸ்ட் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

1867-ல் லண்டனுக்கு மட்டும் ஒரு பொதுத்தொகுப்பு வந்தது. ஒர்க்ஹவுஸ் மாதிரியான இடங்களுக்குள் இருக்கும் ஏழைகளுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் வீட்டிலிருந்தபடி உதவி வாங்குகிறவர்களின் செலவு அந்தந்தப் பகுதியின் தலையில்தான். கதையே இந்த ஓட்டையில்தான் இருக்கிறது. மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பாப்லருக்குப் போவோம். கிழக்கு லண்டன், தேம்ஸ் நதி பெரிதாக வளைந்து திரும்பும் இடம். கப்பல் துறைகள், சரக்குக் கிடங்குகள். வேலை எல்லாம் அன்றாடக் கூலி. காலையில் துறை வாசலில் ஆண்கள் நெருக்கியடித்து நிற்பார்கள்; மேஸ்திரி யாருக்குக் கை காட்டுகிறாரோ அவருக்கு அன்று சோறு. நம்மூர் முக்குகளில் காலை ஏழு மணிக்குத் தூக்குச்சட்டியும் கரண்டியுமாகக் கொத்தனார்களும் சித்தாள்களும் நிற்பார்களே, அதே காட்சிதான்.

ஒரு கிளைக்கதை. வில் க்ரூக்ஸ் என்று ஒருவர். சின்னப் பையனாக இருந்தபோது குடும்பம் நொடித்துப்போய் பாப்லர் ஒர்க்ஹவுஸுக்குள் போனவர். வளர்ந்து, அதே ஒர்க்ஹவுஸை நிர்வகிக்கும் ஏழைகள் காப்பாளர் குழுவுக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தார். எந்த இடத்தில் கஞ்சிக்கு வரிசையில் நின்றாரோ அந்த இடத்தின் சமையல் கணக்கு இப்போது இவர் மேஜைக்கு வருகிறது! சினிமாவில் வைத்தால் மிகை என்போம். 1901-ல் அவர் பாப்லர் மேயர். இவரோடு அந்தக் குழுவில் இருந்தவர்தான் நம் கதையின் நாயகர், ஜார்ஜ் லான்ஸ்பரி. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று 1912-ல் தன் எம்.பி. பதவியையே ராஜினாமா செய்து, அதே பிரச்சினையை முன்வைத்து மறுபடி நின்று, தோற்றவர். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நம்மூரில் சொல்லியிருப்பார்கள்.

1919 தேர்தலில் பாப்லர் கவுன்சிலின் 42 இடங்களில் 39 தொழிற்கட்சிக்கு வந்தன. கவுன்சில் ஊழியர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி வாரம் 4 பவுண்டு என்று நிர்ணயித்தார்கள். ஆணுக்கும் 4, பெண்ணுக்கும் 4. இதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1920 முடிவில் போருக்குப் பிந்தைய மந்தம் வந்தது. கப்பல் வரத்து குறைந்தது, வேலை போயிற்று. உதவி கேட்டு வருகிறவர்களை ஏழைகள் காப்பாளர் குழுவினர் ஒர்க்ஹவுஸுக்குள் தள்ளாமல் வீட்டிலேயே வைத்துப் பணம் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால் யார் கணக்கு? அந்தப் பகுதியின் கணக்கு. ஓட்டை ஞாபகம் இருக்கிறதா?

இனி அந்த ஒரு பென்னி. அங்கே வீட்டு வரியை வீட்டின் வாடகை மதிப்பை வைத்துப் போடுவார்கள்: ஒரு பவுண்டு மதிப்புக்கு இத்தனை பென்னி என்று. மாளிகைகளும் பெரிய கடைகளும் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பென்னி வரி போட்டால் சுமார் 31,000 பவுண்டு வரும். பாப்லரில் அதே ஒரு பென்னிக்குச் சுமார் 3,600 பவுண்டு. எட்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஜனத்தொகையில் பாப்லர் ஒன்றும் சின்னதில்லை. ஆனால் வேலையில்லாதவர்கள் யார் பக்கம்? பாப்லர் பக்கம். "அவரவர் ஊரை அவரவர் பார்த்துக்கொள்ளட்டும்" என்றால், ஏழைகள் அதிகமுள்ள ஊரில் ஏழைகளே ஏழைகளுக்காக அதிக விகிதத்தில் வரி கட்ட வேண்டும் என்று அர்த்தம். நேயர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கேட்டதன் கணக்கு இதுதான்.

பாப்லர் கவுன்சில் என்ன செய்தது? இதற்கு உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-ல் வந்த மதராஸ் பொது நூலகச் சட்டத்தின் பிள்ளை அது. வாங்குவது மாநகராட்சியோ பேரூராட்சியோ. ஆனால் பணம் அவர்களுடையது இல்லை, நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். இதேபோல பாப்லர் கவுன்சிலும் தன் வரியோடு சேர்த்து லண்டன் கவுண்டி கவுன்சில், போலீஸ், குடிநீர் வாரியம், மருத்துவமனைகளை நடத்திய வாரியம் என்று நான்கு பேருக்கு வசூல் செய்து கொடுக்க வேண்டும். 1921 மார்ச்சில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: எங்கள் செலவுக்கும் ஏழைகள் உதவிக்கும் வேண்டியதை மட்டும் வசூலிப்போம். மற்ற நான்கு பேருக்கும் வசூலிக்க மாட்டோம்.

அந்த மருத்துவமனை வாரியத்தின் காய்ச்சல் ஆஸ்பத்திரிகளில் படுத்துக்கிடந்தவர்களிலும் ஏழைகள்தான் அதிகம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. இது பத்தரை மாற்றுத் தங்கமான போராட்டம் என்று சொன்னால் பொய். சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஹாக்னி மேயர் ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறினால் கட்சிப் பேர் கெடும் என்று கடைசி வரை எதிர்த்தார்.

வழக்கு வந்தது. 1921 ஜூலை 29. பாப்லர் நகர மண்டபத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்குச் சுமார் 5 மைல். கவுன்சிலர்கள் வண்டி பிடிக்கவில்லை, நடந்தார்கள். முன்னால் செங்கோல் ஏந்தும் ஊழியர், மேயர் சாம் மார்ச் கழுத்தில் பதவிச் சங்கிலி, பேண்டு வாத்தியம், பின்னால் ஆயிரக்கணக்கில் ஜனம். முன்னே பிடித்த பதாகையில், பாப்லர் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது, ஒருவேளை சிறைக்கும் போகலாம் என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். கோயில் ஊர்வலம் மாதிரி போனார்கள் குற்றவாளிகள்!

நீதிமன்றம் பணத்தைக் கட்டச் சொன்னது. கட்டவில்லை. செப்டம்பர் 1-லிருந்து ஒவ்வொருவராகக் கைது. மொத்தம் 30 பேர். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கு. பெண்கள் 5 பேர் ஹாலோவே சிறைக்கு. லான்ஸ்பரி, அவர் மகன் எட்கர், மருமகள் மின்னி என ஒரே வீட்டில் மூன்று பேர். நெல்லி க்ரெஸால் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி.

தண்டனை எத்தனை மாதம் என்று கேட்பீர்கள். மாதக் கணக்கே இல்லை. இது நீதிமன்ற அவமதிப்பு. கீழ்ப்படியும் வரை உள்ளே இருக்க வேண்டும். அரசாங்கம் இதைப் பெரிய ஆயுதம் என்று நினைத்தது. ஆனால் கீழ்ப்படியவே மாட்டோம் என்பவர்களை என்ன செய்வது? சாகும் வரை வைத்திருப்பதா?

உள்ளே நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். கவுன்சில் வேலை நிற்கக் கூடாதே! சண்டை போட்டு அனுமதி வாங்கி, கவுன்சில் கூட்டத்தை பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடத்தினார்கள். அதற்காகப் பெண் கவுன்சிலர்களை ஹாலோவேயிலிருந்து காரில் ஏற்றி, லண்டனின் வடக்கிலிருந்து தெற்கே கொண்டுவந்தார்கள். தெருவிளக்கு, குப்பை, கூலி எல்லாம் சிறைக் கூடத்தில் தீர்மானமாயிற்று. மாலையில் சிறைச் சுவருக்கு வெளியே கூட்டம் கூடும். லான்ஸ்பரி ஜன்னல் கம்பி வழியாகப் பேசுவார். அறுபதைத் தாண்டிய மனுஷன்.

இதற்குள் அண்டைப் பகுதிகளான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் நாங்களும் வசூலிக்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டுவிட்டன. அரசாங்கத்துக்கு வியர்த்தது. அக்டோபர் 12-ல் நீதிமன்றமே அவர்களை வெளியே விட்டது. நவம்பரில் புதுச் சட்டம் வந்தது: வீட்டிலிருந்து உதவி பெறும் ஏழைகளின் செலவும் இனி லண்டன் பொதுத்தொகுப்பிலிருந்து. 1867-ன் ஓட்டை அடைபட்டது. வெஸ்ட்மின்ஸ்டரின் பென்னி பாப்லருக்கு வந்தது.

இங்கே நிறுத்தினால் சுபம். ஆனால் நிற்கவில்லை. சிறையிலிருந்து வந்த மின்னி உடல் தேறவே இல்லை. குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு, 1922 ஜனவரி 1 அன்று இறந்துபோனார். வயது 32. பள்ளி ஆசிரியையாக இருந்தவர். போரில் புருஷனை இழந்த பெண்களின் பென்ஷனுக்காக அலைந்தவர். போ ரோட்டில் அவர் பேரில் ஒரு கடிகாரம் இன்னும் தொங்குகிறது. எட்கர் பிறகு ஒரு நடிகையை மணந்தார். அவர்கள் மகள்தான் ஹாலிவுட் நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி. டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் தேநீர்க் குடுவைக்குக் குரல் கொடுத்தவர். இதற்கும் மானியத்துக்கும் சம்பந்தம் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஓரமாக வைத்த அந்த 4 பவுண்டை எடுங்கள். விலைவாசி இறங்கிய பிறகும் அதே கூலியைக் கொடுத்தது சட்டவிரோதம் என்று தணிக்கையாளர் கவுன்சிலர்களிடமே பணத்தைத் திருப்பிக் கேட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1925-ல் தீர்ப்பு வந்தது. கவுன்சில் தோற்றது. சோஷலிசத் தர்மசிந்தனை, ஆணும் பெண்ணும் சமம் என்னும் பெண்ணிய ஆசை ஆகியவற்றுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்ற தோரணையில் ஒரு நீதிபதி எழுதினார். பெண்ணுக்கும் அதே கூலி என்பது, தீர்ப்பில் கண்டிக்க வேண்டிய விஷயமாக அவருக்குப் பட்டிருக்கிறது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் தீர்ப்பு அது. நான் எத்தனை தடவை படித்தாலும் எரிச்சல் வருகிறது.

அப்புறம் 1929. அமைச்சர் நெவில் சேம்பர்லேன், பாப்லர் பாணி நிர்வாகத்தைக் கண்டாலே ஆகாதவர், ஏழைகள் காப்பாளர் குழுக்களை ஒழித்துக்கட்டச் சட்டம் கொண்டுவந்தார். அதே சட்டத்தில்தான் உள்ளாட்சிகளுக்கு மொத்த மானியமும், அதைப் பிரிக்க ஒரு வாய்ப்பாடும் வந்தன. வெறும் தலை எண்ணிக்கை போதாது. ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள், தலைக்கு எவ்வளவு வரி மதிப்பு, எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று பார்த்து, தேவை கூடினால் மானியம் கூடும். பாப்லர்க்காரர்கள் ஜெயிலில் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு, அவர்களைப் பிடிக்காதவர் கையால் கணக்குப் போட்டுப் பதில் வந்தது. நம் நாட்டில் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-I பிரிவு சொல்வதும், எந்த உள்ளாட்சிக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கத்தான்.

நேயருக்கு இன்னும் ஒரு செய்தி பாக்கி. 1965-ல் பாப்லர், ஸ்டெப்னி, பெத்னல் கிரீன், அதாவது அன்று ஒன்றாக முறுக்கிக்கொண்ட மூன்றும், டவர் ஹாம்லெட்ஸ் என்ற ஒரே நிர்வாகமாயின. 1980-ல் அந்தப் பழைய கப்பல் துறை மூடப்பட்டது. மேஸ்திரி கை காட்டிய அந்த இடத்தில் இன்று கேனரி வார்ஃப் நிற்கிறது: பன்னாட்டு வங்கிகளின் கண்ணாடிக் கோபுரங்கள். 1990-லிருந்து இங்கிலாந்தில் வணிகக் கட்டடங்களின் வரி முழுவதும் தேசியப் பொதுத்தொகுப்புக்குப் போய், அங்கிருந்து எல்லா ஊர்களுக்கும் பிரிந்தது. 2013-க்குப் பிறகுதான் ஒரு பகுதியை உள்ளூரிலேயே வைத்துக்கொள்ள விட்டார்கள். அந்தக் காலத்தில், பாப்லர் மண்ணில் நின்ற கோபுரங்கள் கட்டிய வரி, முன்பின் தெரியாத ஏதோ ஊரின் ஏழைக்குப் போய்க்கொண்டிருந்தது.