தளம் மாறலாம்; எழுத்து தொலையலாமா?

(தமிழ்மன்றத் திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஓலைக் காலத்தில் எழுத்தாணி நம் கையில் இருந்தது. அச்சுக் காலத்தில் அச்செழுத்து நம் கையில் இருந்தது. இன்று எழுத்துக் குடியிருக்கும் இடம் கணிப்பொறி. அங்கே தமிழ் உரிமையோடு வாழ்கிறதா, ஒண்டுக்குடியாக வாழ்கிறதா என்று பார்ப்பது தமிழாசிரியன் கடமையே.

கணிப்பொறியின் வன்பொருளையும் நாம் ஆளும் மென்பொருள்களையும் இணைத்து இயக்குவது இயங்குதளம். நம்மில் பெரும்பாலார் அறிந்தது விண்டோசு. அதன் பத்தாம் பதிப்புக்குரிய பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. பதினோராம் பதிப்போ, குறிப்பிட்ட காப்புச் சில்லும் புதிய செயலியும் கொண்ட பொறிகளையே முறைப்படி ஏற்பது. என் பொறி 2014இல் வாங்கியது. இன்றும் பழுதின்றி ஓடுவது. அதைக் குப்பையில் எறிய உள்ளம் ஒப்பவில்லை. இலினக்சுக்கு மாறினேன்.

எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள இயங்குதளம் வேண்டும் என்று 1983இல் இரிச்சர்டு சுடால்மன் ஒரு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்டுசு, இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டின் கூட்டே நாம் இலினக்சு என்பது. கட்டணம் இன்மை அன்று அதன் பெருமை. கட்டு இன்மையே பெருமை.

என் பழைய மாணவன் ஒருவன் உபுண்டு என்னும் இலினக்சு வகையை விரலியில் ஏற்றி வந்தான். நிறுவாமலே விரலியிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். அச்சுப்பொறியும் இணையமும் இயங்கக் கண்டோம். கோப்புகளை வேறு வட்டில் படியெடுத்து வைத்தோம். பிறகே நிறுவினோம். தமிழ்99 விசைப்பலகை அங்கும் கிடைத்தது. ஒரு மாலையில் பணி முடிந்தது.

மறுநாள்தான் இடி விழுந்தது. 1998 முதல் நான் திரட்டிய நாலாயிரம் வேளாண் சொற்களின் கோப்பைத் திறந்தேன். ஏற்றம், சால், கூனை என்று ஏர் பிடித்த முதியோர் வாய்மொழியாகக் கேட்டுத் தட்டெழுதியவை அவை. சொன்னவருட் பலர் இன்று உயிரோடில்லை. திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை! உரோமன் எழுத்தும் புள்ளியும் கோடுமாய்க் குப்பை கிடந்தது.

இலினக்சைப் பழித்தேன். மாணவன் சிரித்துச் சொன்னான்: "ஐயா, பிழை தளத்தில் இல்லை. நீங்கள் 'அ' என்று தட்டியபோதெல்லாம் அந்தப் பழைய எழுத்துரு உரோமன் குறியைத்தான் பதிந்து வைத்தது. அதன்மேல் தமிழ் முகமூடி போர்த்திக் காட்டியது. முகமூடி இங்கே இல்லை; உள்ளே இருந்தது தெரிகிறது."

பெருமக்களே! இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் எழுதுவதாக எண்ணி நான் தமிழில் எழுதவே இல்லை! அந்த எழுத்துருவை இங்கும் கொணர்ந்து பொருத்தியிருக்கலாம். ஆனால் முகமூடியைச் சுமப்பதா, முகத்தை மீட்பதா? குறிமாற்று மென்பொருளால் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றினோம். இடம் புரண்ட கொம்புகளையும் கால்களையும் திருத்த எனக்கு ஒரு திங்கள் ஆயிற்று.

ஒருங்குறியில் நம் உயிர்மெய்களுள் பெரும்பாலானவற்றுக்குத் தனியிடம் இல்லை என்னும் குறை உண்டு. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியோடு அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்றது. ஆயினும் ஒருங்குறியில் எழுதியது விண்டோசிலும் இலினக்சிலும் கைப்பேசியிலும் தமிழாகவே நிற்கும். இன்றைக்கு நமக்கு அது காவல்.

ஒன்றை மறைக்கமாட்டேன். அச்சகத்தார் பழகிய பக்க அமைப்பு மென்பொருள்கள் சில இலினக்சில் நேரே ஓடா. சில அச்சுப்பொறிகள் முரண்டு பிடிக்கும். அத்தொழிலில் இருப்போர் ஆய்ந்து மாறுக. விண்டோசிலும் தமிழ் இடைமுகம் உண்டு. இல்லை என்பது பொய்யாகும். வேறுபாடு யாதெனின், அங்கே சொல்லை முடிவு செய்பவர் உடைமையாளர். இங்கே பிழைச்சொல்லைக் கண்டால் நாமே திருத்தி முன்வைக்கலாம். இலிபர் ஆபீசு போன்றவற்றின் தமிழாக்கம் தன்னார்வலர் உழைப்பே. அங்கே மொழிபெயராத இடங்களும் உள. தமிழென்று பெயர் சூடிய ஒலிபெயர்ப்புகளும் உள. இளைஞர்க்கு நிரல் தெரியும். நமக்குச் சொல் தெரியும். நாம் ஒதுங்கி நின்றுவிட்டுப் பிறகு "கலப்பு, கலப்பு" என்று புலம்புவதில் என்ன பயன்?

தளம் மாறுவது உங்கள் விருப்பம். ஆனால் இன்றிரவே உங்கள் பழைய கோப்பு ஒன்றைத் திறவுங்கள். அதன் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். தமிழ் நின்றால் மகிழுங்கள். குப்பை தெரிந்தால் நாளையே மீட்கத் தொடங்குங்கள். பொறி பழுதானால் வேறு வாங்கலாம். மறைந்த முதியோரிடம் மறுபடி சொல் கேட்க முடியாது.

வெல்க தமிழ்!